கிரீன் கார்டுக்கு இரண்டு வக்கீல் அலுவலகங்கள்: என் மதிப்பீடு

மிச்சிகனில் கார் உதிரிபாகத் தொழிலில் எம்பெடட் மென்பொருள் எழுதுகிறேன். அடுத்தடுத்து இரண்டு கம்பெனிகள் எனக்கு கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்தன. இரண்டும் வெவ்வேறு வக்கீல் அலுவலகங்களை அமர்த்தின. முதலாவது, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய அலுவலகம். அடுத்தது, இரண்டே வக்கீல்கள் நடத்தும் சின்ன அலுவலகம். பெயர்களை எழுதவில்லை. கம்பெனி யாரை அமர்த்துகிறதோ அவரோடுதான் நாம் போயாக வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் நமக்குக் கிடையாது. ஆகவே உங்கள் கம்பெனி யாரை வைத்திருந்தாலும் அவர்களை எதை வைத்து எடைபோடுவது, எந்த இடத்தில் விடாமல் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவட்டும். என் கணக்கில் பெரிய அலுவலகத்துக்கு 5க்கு 2. சின்ன அலுவலகத்துக்கு 5க்கு நாலரை.

எல்லோரும் வக்கீலிடம் முதலில் கேட்பது "மொத்தம் எத்தனை வருஷம் ஆகும்?" என்றுதான். இந்தியாவில் பிறந்தவருக்கு இதற்கு எந்த வக்கீலும் நேர்மையாக ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. வேலைவழி கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 1,40,000 என்று 1990ஆம் வருஷச் சட்டம் அளவு வைத்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அந்த எண்ணிக்கைக்குள்தான். அதிலும் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம் என்று இன்னொரு வரம்பு. மற்ற நாட்டவர் எடுக்காமல் விட்டது மீந்தால்தான் அதற்கு மேல் கிடைக்கும். வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

வக்கீல் கையில் இருப்பது வேறு. வரிசையில் உங்கள் இடம் எந்தத் தேதியில் விழுகிறது என்பது பெருமளவு அவர் கையிலும் உங்கள் எச்ஆர் கையிலும் இருக்கிறது. அந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்று கம்பெனி போடும் பெர்ம் என்ற லேபர் விண்ணப்பம் தொழிலாளர் துறைக்குப் போய்ச் சேரும் நாள்தான் உங்கள் ப்ரியாரிட்டி டேட், அதாவது வரிசைத் தேதி. அதற்கு முன்னால் நடக்கும் எதற்கும் வரிசையில் மதிப்பில்லை. கேள்விப் பட்டியல் நிரப்பியது, மேனேஜர் ஒப்புதல் கொடுத்தது, விளம்பரம் போட்டது எல்லாம் நடந்திருந்தாலும், விண்ணப்பம் போகாதவரை நீங்கள் வரிசையில் நிற்கவே இல்லை. இந்த வக்கீல் சேவையை நான் எடைபோடும் முதல் அளவுகோல் இதுதான். எங்களை அந்தத் தேதிக்கு எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்?

பெரிய அலுவலகத்திலிருந்து தொடங்குகிறேன். 2014 ஜனவரியில் என் கேஸ் திறந்தது. அதே வாரம் என் தோழியின் கேஸும் திறந்தது. இருவரும் ஒரே டீம், ஒரே மேனேஜர். அவள் ஈரோட்டுக்காரி, கோயம்புத்தூரில் பி.இ. முடித்து புனேயில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். நான் மிச்சிகனிலேயே எம்.எஸ். முடித்தவள். வேலைவழி கிரீன் கார்டின் இரண்டாம் பிரிவான இபி-2க்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அது இல்லையென்றால் இளங்கலையும் அதற்குப் பிறகு ஐந்து வருஷ அனுபவமும் வேண்டும். ஆகவே எனக்குப் பட்டச் சான்றிதழே போதுமாக இருந்தது. அவளுக்கோ புனே கம்பெனியின் அனுபவக் கடிதம்தான் எல்லாம். இப்போதைய கம்பெனியில் சேர்ந்த பிறகு கிடைத்த அனுபவத்தை அதே கம்பெனியின் பெர்முக்குப் பொதுவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கடிதம் எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியும். நம் ஊர் கம்பெனிகள் தரும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர் இவ்வளவுதான் இருக்கும். இங்கே கேட்பது, என்ன வேலை செய்தார், எந்தக் கருவிகளில் செய்தார், முழுநேரமா என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தரும் கடிதம். பல கம்பெனிகளின் எச்ஆர் அப்படித் தர மறுத்துவிடும். அப்போது கூட வேலை பார்த்தவரிடம் உறுதிமொழிக் கடிதம் வாங்க வேண்டும். தோழி தன் பழைய மேனேஜரைப் பிடித்து, அவர் மூலம் எச்ஆரிடம் பேசி, ஏப்ரலிலேயே கடிதத்தை வாங்கி அலுவலகத்தின் போர்ட்டலில் ஏற்றிவிட்டாள்.

அது அங்கேயே கிடந்தது. அவளுடைய கேஸ் மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. "ஆவணங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்ற நிலையே போர்ட்டலில் மாதக்கணக்கில் நின்றது. அவள் கேட்டதற்கெல்லாம் "உங்கள் கேஸ் நடந்துகொண்டிருக்கிறது" என்று ஒரே பதில். வக்கீல் எச்ஆருக்குத்தான் பதில் சொல்வார், எச்ஆர் வக்கீலிடம் கேட்கச் சொல்லும். என் பெர்ம் 2014 ஜூலையில் போனது. அவளுடையது 2015 பிப்ரவரியில் போனது.

அன்றைக்கு அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பல வருஷக் காத்திருப்பில் ஏழு மாதம் என்ன பெரிய வித்தியாசம் என்று எச்ஆரே சொன்னார்கள். அந்த ஏழு மாதம் செய்த வேலையைத்தான் இந்த மதிப்பீட்டில் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் வெளியிடுகிறது. அதில் இரண்டு அட்டவணை. ஒன்று இறுதி முடிவுக்கான தேதி. உங்கள் தேதி அதற்கு முந்தையது என்றால் கார்டு கொடுக்கலாம். இன்னொன்று விண்ணப்பிக்கும் தேதி. அதற்கு முந்தையது என்றால், அந்த மாதம் குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசு அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் அந்த அட்டவணையை ஏற்றால், கடைசிப் படியான ஐ-485 விண்ணப்பத்தைப் போட்டு வைக்கலாம். கார்டு வராவிட்டாலும், ஐ-485 உள்ளே போனால் வேலை அனுமதி அட்டை கிடைக்கும். 180 நாள் கழித்து அதே மாதிரி வேலைக்கு மாறலாம். வாழ்க்கையில் பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

2020 அக்டோபர் புல்லட்டினில் மூன்றாம் பிரிவான இபி-3இல் இந்தியாவின் விண்ணப்பிக்கும் தேதி 2015 ஜனவரி 1க்குத் தாவியது. இபி-2 அப்போது மிகவும் பின்தங்கியிருந்தது. இபி-2இல் இருந்த ஆயிரக்கணக்கானோர் இபி-3க்கு டவுன்கிரேட் செய்து ஐ-485 போட்டார்கள். 2014 ஜூலை தேதி வைத்திருந்த என்னால் போட முடிந்தது. 2015 பிப்ரவரி தேதி வைத்திருந்த அவளால் முடியவில்லை.

பிறகு 2022. கோவிட் காலத்தில் தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் குடும்பவழி விசாக்கள் நிறைய மீந்தன. சட்டப்படி அவை அடுத்த நிதியாண்டில் வேலைவழிக்கு வரும். அப்படி 2022 நிதியாண்டில் வேலைவழி எண்ணிக்கை சுமார் 2,81,000 ஆனது, வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு. இபி-2 இந்தியா தேதி அந்தக் கோடையில் 2014 டிசம்பர் 1 வரை வந்தது. எனக்கு ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. அக்டோபரில் புது நிதியாண்டு பிறந்ததும் தேதி 2012 ஏப்ரல் 1க்குப் பின்வாங்கியது. அடுத்த ஏப்ரலில் 2011 ஜனவரி 1 வரை போனது. 2025 செப்டம்பர் புல்லட்டினில் இபி-2 இந்தியாவுக்கு இறுதித் தேதி 2013 ஜனவரி 1 ஆக இருந்தது. இபி-3 இந்தியாவுக்கு 2013 மே 22. என் தோழி இன்னும் காத்திருக்கிறாள்.

ஒரே வாரத்தில் தொடங்கிய இரண்டு கேஸ்கள். ஒன்று 2022இலேயே முடிந்துவிட்டது, மற்றொன்றுக்கு முடிவே தெரியவில்லை. இடையில் இருப்பது திறக்கப்படாத ஒரு பிடிஎஃப். பெரிய அலுவலகத்துக்கு 2 மதிப்பெண் கொடுத்ததற்குக் காரணம் இது ஒன்றே போதும். என் சொந்த கேஸை அவர்கள் ஒழுங்காகவே முடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெர்முக்குப் பிறகு கம்பெனி எனக்காகப் போடும் ஐ-140 மனு எந்தக் கேள்வியும் இல்லாமல் ஒப்புதலானது. ஆனால் ஒருவருக்கு நல்லபடியாக முடிவதும் இன்னொருவருக்குக் கெடுவதும் கேஸ் மேனேஜர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றால், அதை நல்ல சேவை என்று என்னால் சொல்ல முடியாது.

அவர்கள்மீது இன்னொரு குறையும் உண்டு. ஐ-140 ஒப்புதல் நோட்டீஸின் நகலை எனக்குத் தரவில்லை. அது கம்பெனியின் மனு, கம்பெனிக்குத்தான் சொந்தம் என்றார்கள். சட்டப்படி மனுதாரர் கம்பெனிதான், உண்மை. ஆனாலும் பல கம்பெனிகள் நகல் தருகின்றன. நான் வேலை மாறும்போது அந்த ரசீது எண்ணுக்காக எச்ஆரிடம் மன்றாட வேண்டியிருந்தது. தர மறுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழி: தகவல் அறியும் சட்டத்தின் கீழ் யுஎஸ்சிஐஎஸ்-க்கே விண்ணப்பித்து உங்கள் கோப்பின் நகலைக் கேட்கலாம். வேலையில் இருக்கும்போதே போட்டு வையுங்கள்.

2017இல் கம்பெனி மாறினேன். ஐ-140 ஒப்புதலாகியிருந்ததால் பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் என் 2014 தேதி என்னோடு வரும். ஆனால் புதுக் கம்பெனி பெர்மையும் ஐ-140ஐயும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இங்கேதான் சின்ன அலுவலகம் வந்தது.

முதல் போன் பேச்சிலேயே அந்த வக்கீல் அம்மா கேட்ட கேள்வி: "நீங்கள் எங்கே பிறந்தீர்கள், உங்கள் கணவர் எங்கே பிறந்தார்?" குடியுரிமை என்ன என்று கேட்கவில்லை. வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது, பாஸ்போர்ட்டைப் பொறுத்தது அல்ல. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் இருவரும் நிற்கலாம். நான் கோவில்பட்டி, அவர் சாத்தூர். எங்களுக்கு அதில் பயன் இல்லை. ஆனால் பெரிய அலுவலகத்தின் நீளமான கேள்விப் பட்டியல் என் கணவர் பிறந்த ஊரைக் கேட்கவே இல்லை. நமக்குள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குவைத்திலும் பிறந்தவர்கள் எத்தனை பேர்! அப்பா அங்கே வேலை பார்த்தபோது பிறந்து, ஒரு வயசில் ஊருக்கு வந்து, இந்திய பாஸ்போர்ட்டோடு வளர்ந்தவர்கள். இங்குள்ள ஒரு குடும்பத்தில் மனைவி சிங்கப்பூரில் பிறந்தவர் என்பதை வக்கீல் கேட்காமல் பல வருஷம் இந்திய வரிசையிலேயே வைத்திருந்தார்கள். புதுக் கம்பெனியில் என் அணியில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 2016 தேதி வைத்திருந்த அவருக்கு 2018லேயே கார்டு வந்துவிட்டது. அவரும் நானும் ஒரே படிப்பு, ஒரே வேலை, பேசும் மொழியும் ஒன்றே.

அந்த அம்மா எனக்குத் தெளிவாகச் சொன்ன அடுத்த விஷயம், ஆள்தேடும் கட்டத்தில் நான் தலையிடவே கூடாது என்பது. பெர்முக்கு முன்னால் கம்பெனி உண்மையாகவே அமெரிக்கத் தொழிலாளர்களைத் தேட வேண்டும். மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை விளம்பரம், அலுவலகத்தில் 10 வேலைநாள் நோட்டீஸ், கூடவே வேறு மூன்று வழிகளில் தேடல். பொதுவாக இவை முடிந்து 30 நாள் கழித்துத்தான் விண்ணப்பிக்கலாம். தொடங்கி 180 நாள் தாண்டவும் கூடாது. விண்ணப்பித்தவர்களின் ரெஸ்யூம்களை நான் பார்க்கக் கூடாது, மேனேஜரிடம் விசாரிக்கவும் கூடாது. பெரிய அலுவலகத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆர்வத்தில் கேட்டுவிட்டு கேஸையே சிக்கலில் மாட்டிவிடக்கூடியவர்கள் நம்மில் நிறைய. தொழிலாளர் துறை ஆடிட் எடுத்தால் இதெல்லாம் கேள்விக்கு வரும்.

வேலை விவரத்தை எழுதுவதில்தான் அவர்களின் உழைப்பு தெரிந்தது. பெரிய அலுவலகம் மேனேஜர் அனுப்பிய விவரத்தை அப்படியே ஒட்டிவிடும். இந்த அம்மா மேனேஜரோடு உட்கார்ந்து, உண்மையிலேயே இந்த வேலைக்கு எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று பிரித்தார். படிவத்தில் எழுதும் ஒவ்வொரு தகுதியையும் நான் அந்தக் கம்பெனியில் சேர்வதற்கு முன்பே பெற்றிருந்தேன் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். தேவையில்லாமல் ஒரு கருவியின் பெயரைச் சேர்த்தால் அதற்கும் அனுபவக் கடிதம் வேண்டும். பின்னாளில் ஐ-485 போட்டுவிட்டு வேலை மாறும்போது புது வேலை "அதே மாதிரியா" என்று ஒப்பிடுவதும் இந்த விவரத்தோடுதான். இதை அவர் பொறுமையாக விளக்கினார். மூன்று வருஷ பி.எஸ்சி. படித்தவர்களுக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை சொன்னார்: பட்ட மதிப்பீட்டைப் பெர்ம் போடுமுன் முடியுங்கள். ஐ-140 கட்டத்தில் யுஎஸ்சிஐஎஸ் அந்தப் பட்டத்தை நாலு வருஷப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கவில்லை என்றால் பெர்மின் சொற்களை அப்போது மாற்ற முடியாது.

அடுத்து, பெயர். தமிழ்க்காரர்களின் பெயர் அமெரிக்கப் படிவத்தில் படும் பாடு நமக்குத் தெரியும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. "பெண்" என்று மட்டும் இருந்தது. எங்கள் வயதுக்காரர்களில் பலருக்கும் இப்படித்தான். ஐ-485க்கு பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். ஐ-485 போடும் வாய்ப்பு கண்ணுக்கே தெரியாத 2018இலேயே இந்த அலுவலகம் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்து, பெயர் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னது. ஊரில் அப்பா நகராட்சி அலுவலகத்துக்கு அலைந்து பெயர் சேர்த்து வாங்கி அனுப்பினார். கிடைக்காதவர்கள் கிடைக்கவில்லை என்ற சான்றும், பிறந்தபோது அறிந்த உறவினரின் உறுதிமொழியும் தயார் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். 2020 செப்டம்பர் கடைசியில் அக்டோபர் புல்லட்டின் வந்தபோது, கோவிட்டால் ஊரில் அலுவலகங்கள் பாதி மூடிக் கிடந்தன. தெரிந்த பலர் சான்றிதழுக்காகத் தவித்தார்கள். எங்கள் கோப்பு தயாராக இருந்தது. புல்லட்டின் வந்த இரவே அந்த அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அக்டோபரிலேயே எங்கள் குடும்பத்தில் மூவரின் விண்ணப்பங்களும் இபி-3 ஐ-140ஓடு சேர்ந்து போய்விட்டன. ரசீது வரத்தான் அடுத்த வருஷம் ஆனது. அந்த நேரத்தில் எல்லோருக்கும் அப்படித்தான்.

2022இல் அவர் எடுத்த முடிவுக்காக இந்த அலுவலகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இபி-2 தேதி வேகமாக முன்னேறியது, இபி-3 2012லேயே நின்றது. ஏற்கெனவே ஒப்புதலான என் இபி-2 ஐ-140ஐ அடிப்படையாக வைத்து ஐ-485ஐ மாற்றும்படி இன்டர்ஃபைல் கடிதம் அனுப்பலாம். யுஎஸ்சிஐஎஸ் அந்த ஜனவரியில் இதற்கென்றே தனி முகவரி அறிவித்திருந்தது. கடிதம், அந்த வேலை இன்னும் எனக்கு உண்டு என்று கம்பெனி கையெழுத்திட்டு உறுதிசொல்லும் சப்ளிமென்ட் ஜே படிவம், எல்லாவற்றையும் அவரே தயார் செய்து, எச்ஆரிடம் கையெழுத்து வாங்கி, தேதி என்னை எட்டுவதற்கு முன்பே அனுப்பிவிட்டார். "தேதி வந்த பிறகு அனுப்பினால் கோப்பில் போய்ச் சேருவதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும்" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த வருஷ இபி-2 எண்கள் முழுவதும் செப்டம்பர் 6ஆம் தேதியே தீர்ந்துவிட்டதாக அரசு அறிவித்தது. இன்டர்ஃபைல் தாமதமானவர்கள், மெடிக்கல் படிவம் கேட்டு வந்த ஆர்எஃப்இ கடிதத்துக்குப் பதில் தாமதமானவர்கள், கையெட்டும் தூரத்தில் தவறவிட்டார்கள்.

அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், போர்ட்டல் கிடையாது; எல்லாம் மின்னஞ்சல்தான். அவர் விடுமுறையில் போனால் கேஸ் நிற்கும். ஒருமுறை என் கணவரின் ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். கையெழுத்துக்கு முன் நான் வரிக்கு வரி படித்ததால் சிக்கியது. எந்த அலுவலகமாக இருந்தாலும் ஒவ்வொரு படிவத்தையும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பணம் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெர்முக்கான வக்கீல் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். 2007 ஜூலையிலிருந்து அது விதி. உங்களிடம் வாங்கினால் தவறு. ஐ-485 செலவை நீங்கள் கொடுக்கலாம். 2020இல் ஒருவருக்கு 1,225 டாலர். வேலை அனுமதியும் பயண அனுமதியும் அதற்குள் அடக்கம். 2024 ஏப்ரலிலிருந்து ஐ-485க்கே 1,440 டாலர், வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630 தனித்தனியாக. குடும்பமாகப் போடும்போது கணக்கு ஏறும்.

இன்றைக்குத் தொடங்குபவர்களுக்கு எங்கள் காலத்து மாதக் கணக்கு பொருந்தாது. 2014இல், அந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று தொழிலாளர் துறை சொல்லும் சம்பள நிர்ணயம் இரண்டு மாதத்தில் வந்தது, பெர்ம் முடிவு வருஷத்துக்குள் வந்தது. 2025இல் சம்பள நிர்ணயத்துக்கே அரை வருஷம் அளவில் ஆனது. பிறகு ஆள்தேடல். பிறகு பெர்ம் முடிவுக்கு சுமார் 16 மாதம் ஆனது, அதுவும் ஆடிட் இல்லையென்றால். சான்று வந்த 180 நாளுக்குள் ஐ-140 போட வேண்டும். விரைவாகப் பார்ப்பதற்கான பிரீமியம் கட்டணம் கட்டினால் 15 வேலைநாளில் அதற்குப் பதில் வரும். பிரீமியத்தால் சுருங்குவது அந்தப் படி மட்டும். ப்ரியாரிட்டி டேட் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. எச்-1பி வேலை விசா ஆறு வருஷம்தான்; அதைத் தாண்டி நீட்டிக்க, பெர்ம் போட்டு 365 நாள் ஆகியிருக்க வேண்டும் அல்லது ஐ-140 ஒப்புதலாகியிருக்க வேண்டும். ஆகவே கம்பெனியில் சேரும் பேச்சிலேயே "கிரீன் கார்டு எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்ற பதிலைக் கடிதத்தில் தேதியோடு வாங்குங்கள். தொடங்கிய பிறகு, சம்பள நிர்ணயக் கோரிக்கை எந்தத் தேதியில் போனது, விளம்பரம் எப்போது, பெர்ம் எப்போது என்று மாதம் ஒருமுறை எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். அலுவலகத்தில் ஒரு மாதம் தாமதமானால் வரிசையில் அது எத்தனை வருஷமாகும் என்பதை என் தோழியின் கேஸில் பார்த்துவிட்டேன்.

தோழிக்கு இப்போது பெரிய கவலை மகள்தான். சென்னையில் பிறந்தவள், ஹை ஸ்கூல் கடைசி வகுப்பு. 21 வயது நிறைந்தால் அம்மாவின் வரிசையிலிருந்து விழுந்துவிடுவாள். அந்த வயதைக் கணக்கிடும்போது ஐ-140 நிலுவையில் இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். தோழியின் ஐ-140 பிரீமியம் இல்லாமல் போனதால் சில மாதம் சாதகம். பிள்ளைகள் அந்த வயதை நெருங்குபவர்கள் பிரீமியம் கட்டுமுன் வக்கீலிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். எந்தத் தேதியில் வயது உறைகிறது என்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் யுஎஸ்சிஐஎஸ் புல்லட்டினின் விண்ணப்பிக்கும் தேதியை வைத்துக் கணக்கிடலாம் என்றது. 2025 ஆகஸ்ட் 15இலிருந்து மறுபடி இறுதி முடிவுக்கான தேதிதான் என்று மாற்றிவிட்டது. அந்த ஒரு அறிவிப்பில் எத்தனையோ குடும்பங்களின் கணக்கு குலைந்தது.

தோழியும் சென்ற வருஷம் கம்பெனி மாறினாள். புதுக் கம்பெனியிடம் கேட்டு, தன் கேஸை அந்தச் சின்ன அலுவலகத்துக்கே கொண்டுபோய்விட்டாள், கம்பெனி ஒப்புக்கொண்டது. அவர்கள் முதலில் செய்தது, 2015 தேதி எல்லாக் காகிதத்திலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது. அடுத்து, மகளின் வயதுக் கணக்கை எழுதிக் கையில் கொடுத்து, தேதி எட்டாவிட்டால் மாணவர் விசாவுக்கு எந்த மாதத்தில் மாற வேண்டும் என்றும் குறித்துத் தந்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, புனே கம்பெனியின் அந்தப் பழைய அனுபவக் கடிதம் எல்லாம் இப்போதே கோப்பில் ஏறிவிட்டன. இந்த முறை திறந்து படித்துவிட்டு, கிடைத்தது என்று வக்கீலே பதில் எழுதியிருக்கிறார்.